அரைக் கட்டண தர்மம்

பி.பி.சி.யின் முகத்திலேயே விழிப்பதில்லை என்று சங்கற்பம் செய்துகொண்ட பிரிட்டிஷ் கிருஹஸ்தர் கூட, வேறெந்த நிலையத்தின் நிகழ்ச்சியையேனும் அது ஒளிபரப்பாகும் அதே க்ஷணத்தில் காண விரும்பினால், 1946-இல் 2 பவுண்டாக ஜனித்து 2025-இல் 174.50 பவுண்டாக விருத்தியடைந்த தொலைக்காட்சி லைசென்ஸ் கட்டணத்தைச் செலுத்தியே ஆகவேண்டும். அதுவும் அந்தப் பி.பி.சி.யின் போஷணைக்கே! போகட்டும், அது ராஜாங்க விஷயம்.

என்னைப் பிரமிக்கச் செய்வது அக்கட்டணத்தின் 2025-ஆம் வருஷத்துச் சலுகைக் கணக்கு. கறுப்பு வெள்ளைப் பெட்டியோடு திருப்தியடையும் விரக்தருக்கு 58.50 பவுண்டு, வர்ணப் பெட்டி வைத்திருக்கும் பார்வையற்றவருக்கோ, பரம தயாளத்துடன் பாதி தள்ளி, 87.25 பவுண்டு. ஆகவே வர்ணத்தை மட்டும் காணாதவரைவிட எதையுமே காணாதவர் 28.75 பவுண்டு அதிகமாக அனுபவித்தார் என்பது சர்க்காரின் சித்தாந்தம். செவி கேளாதவருக்குத் தள்ளுபடியே இல்லை. அவரது விண்ணப்பமும் யார் செவியிலும் விழவில்லை போலும்.