கைதி கொடுத்த சூப்

கேள்வி: இலையுதிர் காலக் குளிருக்கு, சமையலே தெரியாதவரும் செய்யக்கூடிய காய்கறி சூப் உண்டா?

பதில்: உண்டு. பிரான்சின் பார்மாந்தியே சூப். உருளைக்கிழங்கு, லீக்ஸ், உப்பு, தண்ணீர், கொஞ்சம் வெண்ணெய், அவ்வளவுதான் சரக்கு.

பெயருக்குரியவர் அந்துவான் பார்மாந்தியே என்ற மருந்தாளர். ஏழாண்டுப் போரில் பிரஷ்யர்களிடம் சிக்கியவருக்குச் சிறையில் கிடைத்தது உருளைக்கிழங்கு. தொழுநோய் வரும் என்று பயந்து, 1748இல் பிரான்ஸ் அதைப் பயிரிடவே தடை போட்டிருந்தது. கைதியோ தின்றும் தெம்பாகத் திரும்பினார்! அவர் முயற்சியால் 1772இல் பாரிஸ் மருத்துவப் புலம் கிழங்குக்கு நற்சான்று தந்தது. ஜெயில் சாப்பாட்டுக்கு இவ்வளவு விளம்பரம் வேறு யாரும் செய்ததில்லை.

சமையல் எழுத்தாளர் ஜூலியா சைல்டு 1961இல் வெளியிட்ட பிரெஞ்சு சமையல் புத்தகத்தின் முதல் குறிப்பும் இந்த சூப்தான்.

கிழங்கும் லீக்ஸும் அரை அரை கிலோ. லீக்ஸை நீளவாக்கில் பிளந்து அலச வேண்டும். மடிப்புக்குள் மண் குடியிருக்கும். இரண்டையும் நறுக்கி, உப்புப் போட்டு, 2 லிட்டர் தண்ணீரில் 40 முதல் 50 நிமிடம் கொதிக்கவிட்டு, மத்தால் கடைந்தால் போதும். மிக்ஸியில் விட்டு ஓட்டினால் கிழங்கின் மாவுச்சத்து பசையாகிவிடும். போஸ்டர் ஒட்டலாம், குடிக்க முடியாது.

இறக்கியபின் ஒரு கரண்டி வெண்ணெய். அதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.