வலிய கப்பித்தானின் பி.ஆர். கார்டு

வெளிநாட்டில் நிரந்தரமாகத் தங்க இப்போதெல்லாம் படாதபாடு பட வேண்டியிருக்கிறது. ஆங்கிலப் பரீட்சை எழுதணும், வயசுக்கு இத்தனை பாயின்ட், படிப்புக்கு இத்தனை பாயின்ட் என்று கூட்டிக் கழிக்கணும், ஏஜென்டுக்கு அழணும். 1741-ல் திருவிதாங்கூரில் இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. படையெடுத்து வரணும், தோற்கணும், உயிரோடு அகப்படணும். அவ்வளவுதான்.

இந்த வழியில் வந்து தேறியவர் எஸ்தாக்கியுஸ் டிலனாய். பள்ளிக்கூடப் புத்தகம் அவரை 'டச்சுத் தளபதி' என்று சொல்லும். பிறந்தது 1715-ல், பிரான்சின் ஆராஸ் நகரத்தில். வேலைதான் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில். அந்தக் கம்பெனி யார் வந்தாலும் சேர்த்துக்கொள்ளும். சாதாரணச் சிப்பாய்க்கு மாதம் 9 கில்டர் சம்பளம், ஐந்து வருஷ ஒப்பந்தம். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்புவது என்பது காகிதத்தில். கடல், காய்ச்சல், சண்டை என்று பெரும்பாலோர் திரும்பியதே இல்லை.

சண்டைக்குக் காரணம் மிளகு. திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்ட வர்மா மகாராஜா சுற்றியிருந்த சிற்றரசுகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தார். மிளகு வியாபாரமும் அவர் கைக்குப் போய்க்கொண்டிருந்தது. இலங்கையில் கவர்னராக இருந்த வான் இம்ஹோஃப் நேரிலேயே வந்து, "நிறுத்தாவிட்டால் படையெடுப்போம்" என்று மிரட்டினார். "எங்கள் வள்ளங்களையும் மீன்பிடிக்காரர்களையும் கூட்டிக்கொண்டு ஐரோப்பா மேல் படையெடுக்கலாமா என்று நானும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்" என்றாராம் மகாராஜா. கம்பெனி கணக்குப்பிள்ளைகளுக்கு நகைச்சுவை புரிந்ததாகத் தெரியவில்லை. இலங்கையிலிருந்து ஆட்களைக் கப்பலேற்றிக் குளச்சலில் இறக்கினார்கள்.

இறங்கினவர்கள் கடற்கரையில் மரவேலி அடித்து முகாம் போட்டார்கள். மகாராஜாவின் படை சுற்றி வளைத்தது. மழைக்காலம், கடல் கொந்தளிப்பு, கப்பலிலிருந்து உதவி வர வழியில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு குண்டு உள்ளே விழுந்து வெடிமருந்துப் பீப்பாயைத் தொட, தீ அரிசி மூட்டைகள் வரை போய்விட்டது. ஆகஸ்டில் வெள்ளைக்கொடி ஏறியது. ஆசிய அரசர் ஒருவர் ஐரோப்பியக் கம்பெனியைத் தோற்கடித்த இந்தச் சண்டையைப் பற்றிப் பெருமையாகப் பேச எவ்வளவோ இருக்கிறது. வெந்துபோன அந்த அரிசிக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம்.

பத்மநாபபுரம் அரண்மனையில் ஓர் ஓவியம் உண்டு. மகாராஜா நிற்க, டிலனாய் சரணடைகிறார். பார்த்தால் டச்சு சாம்ராஜ்யமே அந்த ஒற்றை ஆளிடம் இருந்தது போலத் தோன்றும். டச்சுக்காரர்களின் ஏடுகளிலோ அவர் அப்படியொன்றும் பெரிய புள்ளி அல்ல. புது வேலைக்குப் போகிறவன் பயோடேட்டாவில் பழைய பதவியைக் கொஞ்சம் ஊதுவது வழக்கம். இவருக்கு அந்த வேலையையும் சரித்திரமே செய்து கொடுத்துவிட்டது.

நேர்முகத் தேர்வு எப்படி நடந்ததோ, எழுதி வைத்தவர் இல்லை. என் கற்பனையில் இப்படி:

"சண்டை தெரியுமா?" என்று மகாராஜா கேட்கிறார்.

துபாஷி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மொழிபெயர்க்கிறார். "தெரியும், திருமனசே."

"பிறகு ஏன் தோற்றீர்?"

துபாஷி இருமுகிறார். டிலனாய் கொஞ்சம் யோசித்து, "அரிசி எரிந்துவிட்டது, திருமனசே" என்கிறார்.

"நாஞ்சில் நாட்டில் அரிசிக்கா பஞ்சம்? நாளைக்கே வேலைக்கு வாரும்."

மகாராஜாவுக்கு வெளியாள் புதிதல்ல. உள்ளூர்ப் பிரபுக்களான எட்டுவீட்டுப் பிள்ளைமாரோடு மோதித்தான் அவர் நாட்டையே கைப்பிடித்தார். அதனால் மறவர் படையைக் கூலிக்கு அமர்த்திப் பழக்கம். சொந்தபந்தம் இல்லாதவனுக்கு ஊரில் கோஷ்டி இருக்காது, சம்பளம் கொடுப்பவனே சொந்தம். இந்தச் சூத்திரத்தை அவருக்கு எந்த இமிகிரேஷன் இலாகாவும் சொல்லித் தரவில்லை.

முதலில் மெய்க்காவல் படையைப் பழக்கும் வேலை. வரிசையில் நில், சேர்ந்து நட, சொன்ன பிறகு சுடு. வாள்வீச்சிலும் களரியிலும் தனித்தனியாகப் பேர் வாங்கியவர்களைச் சேர்ந்தாற்போல் நடக்க வைப்பது லேசான காரியமா? டிலனாய் செய்து காட்டினார். தக்கலைக்குப் பக்கத்தில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டையைச் சீர்படுத்தி, உள்ளேயே பீரங்கி வார்க்கும் பட்டறை போட்டார். கன்னியாகுமரிப் பக்கம் வட்டக்கோட்டையைக் கருங்கல்லில் எழுப்பினார். வடக்கே நெடுங்கோட்டை அரண் அவர் கைவண்ணம். பதவி ஏறி ஏறி 'வலிய கப்பித்தான்', அதாவது பெரிய கேப்டன், ஆனார். 1750-ல் மகாராஜா நாட்டையே ஸ்ரீபத்மநாபசுவாமிக்கு எழுதி வைத்தார். பழைய கம்பெனியில் டிலனாய்க்கு மேலே பதினேழு இயக்குநர்கள் உட்கார்ந்து கணக்குக் கேட்டார்கள். புது முதலாளி ஒருவரே, அவரும் அனந்தசயனத்தில்.

கம்பெனியின் பாடுதான் பரிதாபம். 1753-ல் மாவேலிக்கரையில் உடன்படிக்கை. மலபார் ராஜாக்களின் சண்டையில் இனித் தலையிட மாட்டோம், திருவிதாங்கூருக்கு ஆயுதமும் விற்கிறோம் என்று கையெழுத்துப் போட்டார்கள். தங்கள் சம்பளப் பட்டியலிலிருந்து ஓடிப்போனவனின் படைக்குத் தாங்களே துப்பாக்கி சப்ளை!

ஆனால் டிலனாய்க்குக் கிடைத்த பி.ஆர். கார்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் நிபந்தனைகள் இருந்தன. கப்பித்தான் கிறிஸ்தவர் என்பதால் பத்மநாபபுரம் அரண்மனைக்குள் நுழைய அனுமதி இல்லை. ராஜ்யத்தைக் காக்கலாம், ராஜா வீட்டு வாசற்படியைத் தாண்டக்கூடாது. மனைவி மார்கரீத்தாவோடு உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே குடித்தனம். கும்பிட அங்கேயே ஒரு சிற்றாலயம்.

டிலனாய்க்கு அரண்மனை உத்தியோகஸ்தர் நீலகண்ட பிள்ளை நண்பரானார். அவரோடு பேசிப் பழகிய நீலகண்ட பிள்ளை, 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். இந்த இடத்தில் கிண்டல் செய்ய எனக்குக் கை வரவில்லை. படையெடுத்து வந்த கிறிஸ்தவருக்குப் பதவியும் வீடும். பிறந்து வளர்ந்த ஊரில் கிறிஸ்தவரானவருக்குச் சிறை, விலங்கு, நாடுகடத்தல். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2022-ல் போப் பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். வெளியாளின் மதத்தை அவருடைய திறமைக்காகப் பொறுத்துக்கொண்ட அரசு, உள்ளூராளிடம் அதையே துரோகமாகப் பார்த்தது.

கப்பித்தான் வேலையில் தொடர்ந்தார். அடுத்த மகாராஜா தர்மராஜா காலத்திலும் அவரே. மகன் யோவான்னஸ் பத்தொன்பது வயதில் களக்காட்டுச் சண்டையில் செத்தான். தகப்பனும் 1777 ஜூன் 1-ல் உதயகிரியில் காலமானார். கோட்டைக்குள் இருவருக்கும் கல்லறை இருக்கிறது. சனம் கோட்டையை 'டிலனாய் கோட்டை' என்றே சொல்லிப் பழகிவிட்டது.

கதை அதோடு முடியவில்லை. 1956 நவம்பர் 1-ல் மாநில எல்லைகளை மாற்றி வரைந்தபோது கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் நின்றாலும் நிர்வாகம் கேரள அரசிடம். கோட்டையைத் தமிழ்நாடு வனத்துறை பார்த்துக்கொள்கிறது. ஆக, ஆராஸில் பிறந்து, டச்சுக்காரராக வந்து, திருவிதாங்கூர்க்காரராக இறந்தவர், செத்து 179 வருஷம் கழித்துப் படுத்த இடத்திலேயே நம்ம ஊர்க்காரர் ஆகிவிட்டார். கல்லறையில் லத்தீனோடு தமிழிலும் வெட்டி வைத்திருந்ததால், வந்திருப்பது யாரென்று புது சர்க்காருக்கு வாசித்துக்கொள்வதில் சிரமம் ஒன்றும் இருந்திருக்காது.