கேளுங்கள், மிதித்துக்கொண்டே சொல்கிறேன்

(இந்த வாரக் கடிதங்களில் பாதிக்கு மேல் சைக்கிளில் மாட்டும் ஜி.பி.எஸ். பற்றியே. வாடகை வீடு, வரன், வாய்வுத் தொல்லை பற்றிக் கேட்டவர்கள் அடுத்த வாரம் வரை பொறுத்தருள்க.)

கே: சைக்கிள் சவாரியைப் பதிவு செய்ய எளிமையான ஜி.பி.எஸ். கருவி வேண்டும். எதைப் பார்த்து வாங்குவது? (அம்பத்தூர்)

ப: கடைக்காரரிடம் மூன்றே கேள்வி. உச்சி வெயிலில் திரை தெரியுமா? வேர்த்த விரலால் அமுக்கப் பட்டன் இருக்கிறதா, வெறும் தொடுதிரையா? பதிவை ஜி.பி.எக்ஸ். அல்லது ஃபிட் கோப்பாக வெளியே எடுக்க முடியுமா? மூன்றும் சரி என்றால் பில் போடச் சொல்லுங்கள். நாலாவதாக 'வேற கலர் இருக்கா?' என்று கேட்கத் தோன்றினால் உங்களுக்குத் தேவை ஜி.பி.எஸ். அல்ல, ஸ்டிக்கர்.

கே: கையில்தான் போன் இருக்கிறதே, தனிக் கருவி எதற்கு? (கோவை)

ப: ஒரு மணி நேரச் சவாரிக்கு எதற்கும் இல்லை. ஆப்பைத் தட்டிவிட்டு போனைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். நாள் முழுக்க ஓட்டுகிறவருக்குத்தான் கருவி. மே மாத வெயிலில் ஹேண்டில்பாரில் மாட்டிய போன் சூடேறித் திரையை மங்கலாக்கிக்கொள்ளும். நடுவழியில் டயர் வெடித்தால் வீட்டுக்குச் சொல்லச் சார்ஜும் மிச்சம் இருக்க வேண்டும். 'போன் ஆஃப் ஆயிடுச்சு' என்ற சாக்கு தேவைப்படுகிறவர்கள் மட்டும் போனிலேயே தொடரலாம்.

கே: இதற்கு மாதாமாதம் டேட்டா பேக் போட வேண்டுமா? (மதுரை)

ப: சல்லிக்காசு வேண்டாம். 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் 'இப்போது மணி என்ன, நான் எங்கே' என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன. கருவி ஒட்டுக்கேட்கிறது, அவ்வளவுதான். செலவு அமெரிக்க வரி கட்டுகிறவர் தலையில். அங்கே மாப்பிள்ளை இருந்தால் அவருக்கு ஒரு நன்றி சொல்லிவிடுங்கள்.

கே: குறைந்தது நான்கு செயற்கைக்கோள் தேவை என்கிறார்களே, நீளம் அகலம் உயரத்துக்கு மூன்று போதாதா? (தஞ்சாவூர்)

ப: நாலாவது, உங்கள் கருவிக்குள் இருக்கும் மலிவுக் கடிகாரத்தின் பிசகைக் கண்டுபிடிக்க. மேலே இருப்பது அணுக்கடிகாரம், கீழே இருப்பது சாதா குவார்ட்ஸ். ஒரு மைக்ரோ நொடி தவறினால் கணக்கில் 300 மீட்டர் உதைக்கும். முகூர்த்தத்துக்கே ஒன்றரை மணி நேரம் விட்டுக்கொடுக்கிற நமக்கு இது கொஞ்சம் கறார்தான்.

கே: சைக்கிளுக்கும் ஐன்ஸ்டைனுக்கும் சம்பந்தம் உண்டா? (திருச்சி)

ப: உண்டு. செயற்கைக்கோள்கள் சுற்றும் உயரத்தில் ஈர்ப்பு குறைவு என்பதால் அங்குள்ள கடிகாரம் நாளொன்றுக்கு 45 மைக்ரோ நொடி முந்தும். வேகமாகப் பறப்பதால் 7 மைக்ரோ நொடி பிந்தும். நிகரம் 38. இதைக் கழிக்காமல் விட்டால் ஒரே நாளில் பிழை பத்துக் கிலோமீட்டருக்குக் குறையாது. நீங்கள் மலைக்கோட்டையைச் சுற்ற, கருவி திருவெறும்பூரைச் சுற்றியதாகச் சத்தியம் செய்யும்.

1933-ல் கலிபோர்னியாவின் சான்டா பார்பராவில் ஐன்ஸ்டைன் சிரித்துக்கொண்டே சைக்கிள் ஓட்டும் படம் ஒன்று உண்டு. ஹேண்டில்பாரில் கருவி எதுவும் இல்லை. சிரிப்புக்கு அதுவும் ஒரு காரணமாயிருக்கலாம்.

கே: நானும் நண்பரும் சேர்ந்தே கிளம்பி, சேர்ந்தே திரும்பினோம். எனக்கு 42.1 கி.மீ., அவருக்கு 42.8. யாருடையது உண்மை? (பாண்டிச்சேரி)

ப: இரண்டுமே இல்லை. சில கருவிகள் பேட்டரியை மிச்சம் பிடிக்க, தோன்றியபோது மட்டும் புள்ளி வைக்கும். 'ஸ்மார்ட்' பதிவு என்று அதற்குப் பெயர் வேறு. வளைவையெல்லாம் குறுக்கே வெட்டித் தூரத்தைக் குறைத்துவிடும். செட்டிங்கில் 'நொடிக்கொரு முறை' என்று மாற்றுங்கள்.

இன்னொரு பக்கம், டீக்கடையில் நிற்கும்போது ஆட்டோ பாஸ் போடாவிட்டால் சிக்னல் தள்ளாட்டத்தில் உங்கள் புள்ளி கடையைச் சுற்றி உலாவிக்கொண்டே இருக்கும். நண்பரின் கூடுதல் எழுநூறு மீட்டரில் பாதியாவது பஜ்ஜி தின்றபோது ஓடியதாயிருக்கும்.

கே: சுவிட்ச் போட்டதும் கிளம்பிவிடுகிறேன். முதல் ஒரு கிலோமீட்டர் பதிவாவதே இல்லை. கருவி கோளாறா? (ஈரோடு)

ப: கருவி கோளாறு இல்லை, அவசரக் கோளாறு. செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தை நொடிக்கு 50 பிட் வேகத்தில்தான் ஓதும். ஒரு கோளின் விவரம் முழுசாக வர அரை நிமிடம். ஒட்டுமொத்தப் பஞ்சாங்கமும் வர பன்னிரண்டரை நிமிடம். போர்டிகோவுக்கு அடியில் நிற்காமல் திறந்த வெளிக்கு வந்து ஒரு நிமிடம் பொறுங்கள். அதுவரை டயரை அமுக்கிப் பாருங்கள், பாதிப் பேர் அதைச் செய்வதே இல்லை.

கே: கார்மினா, சீனக் கம்பெனியா? ஒரே வார்த்தையில் சொல்லவும். (விருதுநகர்)

ப: பர்ஸ்.

கே: அந்த ஒரு வார்த்தை போதவில்லை. (மறுபடியும் விருதுநகர்)

ப: தெரியும். வெறும் பதிவு போதும் என்றால் தைவானின் பிரைட்டன், சீனத்து ஐஜிபிஸ்போர்ட், சாஸ் வகையறாவின் ஆரம்ப மாடல்களே தாராளம். தூரம், நேரம், வேகம் காட்டும், போனுக்குப் பதிவை அனுப்பும். கார்மின்தான் வேண்டுமென்றால் எட்ஜ் வரிசையில் மேல்தட்டை எட்டிப்பார்க்காமல் எட்ஜ் 130 பிளஸ் மாதிரிச் சின்னதாகக் கேளுங்கள். விலை ஏற ஏறக் கூடுவது பெரும்பாலும் துல்லியம் அல்ல, மெனு. எந்தக் கம்பெனியானாலும் ஹேண்டில்பார் கிளிப் தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் உடைவது அதுதான்.

கே: வரைபடம் உள்ள கருவி வாங்கலாமா? வாராவாரம் ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் போய் வருகிறேன். (திருவான்மியூர்)

ப: இடது பக்கம் கடல் இருந்தால் போகிறீர்கள். வலது பக்கம் இருந்தால் திரும்புகிறீர்கள். இதற்கு எதற்கு வரைபடம்?

கே: கொல்லிமலை ஏறினேன். கருவி காட்டும் ஏற்றம் ஒன்று, வீட்டுக்கு வந்து ஆப்பில் பார்த்தால் வேறு. ஏன்? (நாமக்கல்)

ப: உயரம் சொல்வதில் ஜி.பி.எஸ். கொஞ்சம் மக்கு. செயற்கைக்கோள் எல்லாம் தலைக்கு மேலேதான் இருக்கின்றன. காலுக்குக் கீழே ஒன்றிரண்டு இருந்தால் நன்றாகச் சொல்லும், பூமி மறைக்கிறது. அதனால் மலைக்காரர்கள் காற்றழுத்தத்தை அளக்கும் பரோமீட்டர் வைத்த கருவியாக வாங்க வேண்டும். தரைமட்டத்தில் எட்டு மீட்டர் ஏறினால் அழுத்தம் ஏறத்தாழ ஒரு மில்லிபார் குறையும். அந்தக் கணக்கு நம்பகமானது. மழை மேகம் திரண்டு அழுத்தம் இறங்கினால் மட்டும், கடையில் உட்கார்ந்தபடியே நாலைந்து மாடி ஏறியதாகக் காட்டும்.

எழுபது கொண்டை ஊசி வளைவிலும் எங்கே மிதித்தீர்கள், எங்கே இறங்கித் தள்ளினீர்கள் என்பதையும் அது குறித்து வைத்திருக்கும். ஆப்பில் ஏற்றுவதற்கு முன் யோசியுங்கள்.

கே: எங்களுக்கும் அந்தப் பரோமீட்டர் வேணுமோ? (யாழ்ப்பாணம்)

ப: உங்கள் ஊரில் மலை எங்கே இருக்கிறது, ஏற்றம் அளக்க? சோளகக் காற்று எதிரே அடிக்கும்போது பத்துக் கிலோமீட்டர் மிதிப்பது மலை ஏறுவதைவிடக் கஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். அதை அளக்கும் கருவி வந்ததும் சொல்கிறேன். அதுவரை காசு பத்திரம்.

கே: சக்கரத்தில் மாட்டும் சென்சாரும் வாங்கலாமா? (ராஜபாளையம்)

ப: மேம்பாலத்துக்கு அடியிலும் சுரங்கப்பாதையிலும் வீட்டு டிரெயினரிலும் வேகம் காட்ட அதுதான் நல்லது. சாலையில் மட்டும் ஓட்டுகிறவருக்கு அவசியமில்லை. வாங்கினால் சக்கரச் சுற்றளவைச் சரியாகக் கொடுங்கள். 25 மி.மீ. அகல ரோடு டயருக்கு 2105 மி.மீ. என்பது வழக்கம். நூறு மில்லிமீட்டர் கூட்டிப் போட்டால் தினமும் சாதனைதான், போட்டி நாளில் மட்டும் நடக்காது.

கே: ஜி.பி.எஸ். எல்லாம் வருவதற்கு முன் சைக்கிள்காரர்கள் தூரத்தை எப்படி அளந்தார்கள்? (கும்பகோணம்)

ப: 1895-ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்டில் கர்டிஸ் வீடர் என்பவர் செய்த சைக்ளோமீட்டர் பிரபலம். முன்சக்கரக் கம்பியில் மாட்டிய ஒரு முள், சுற்றுக்கு ஒரு முறை தட்டும். உள்ளே பல்சக்கரங்கள் எண்ணும். சார்ஜ் கேட்காது, அப்டேட் கேட்காது, 'பாஸ்வேர்டை மறந்துவிட்டீர்களா?' என்று நக்கலும் அடிக்காது.

அதற்கும் முன்னே ரோமாபுரி. மைலுக்கு ஒரு கல் பெட்டிக்குள் விழும்படி ஒரு வண்டியைக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ் வர்ணித்திருக்கிறார். ஊர் சேர்ந்ததும் கல்லை எண்ணிக்கொள்வது. அங்கேயும் ஒருவன் சத்தமில்லாமல் நாலு கல்லைக் கூடப் போட்டிருப்பான்.

கே: இந்த மாதிரி வரலாறு எங்கள் ஊரில் ஏதாவது? (பரங்கிமலை)

ப: வாசலிலேயே வைத்துக்கொண்டு கேட்கிறீர்களே! 1802-ல் வில்லியம் லாம்டன் உங்கள் மலைப் பக்கத்துச் சமதரையில் ஏழரை மைல் அடிக்கோடு ஒன்றை எஃகுச் சங்கிலி போட்டு அளந்தார். கிட்டத்தட்ட இரண்டு மாதம் பிடித்தது. இந்தியாவை அளந்த மாபெரும் சர்வேயின் முதல் கோடு அது. அதே தூரத்தை முக்கால் மணியில் மிதித்துவிட்டு நீங்கள் 'சிக்னல் ரொம்ப லேட்' என்கிறீர்கள்.

கே: 'அந்தக் காலத்தில் ஜி.பி.எஸ். எல்லாம் சுத்தப் பொய்' என்கிறார் என் மாமனார். (வேலூர்)

ப: மாமனார் சொன்னால் சரிதான். சிவிலியன்களுக்கு வேண்டுமென்றே நூறு மீட்டர் வரை தப்பாகக் காட்டும்படி அமெரிக்க ராணுவம் வைத்திருந்தது. கிளிண்டன் காலத்தில், 2000 மே மாதம் அதை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகும் நீங்கள் தாமதமாக வீடு வந்தால் மாமனார் கிளிண்டனைக் குற்றம் சொல்ல மாட்டார்.

கே: பழைய கருவி ஒன்று செகண்ட் ஹேண்டில் சல்லிசாகக் கிடைத்தது. தூரம் சரி, தேதி மட்டும் இருபது வருடம் பின்னால் காட்டுகிறது! (சேலம்)

ப: ஜி.பி.எஸ். வாரங்களை 0 முதல் 1023 வரைதான் எண்ணும், பிறகு மறுபடி பூஜ்யம். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அப்படிச் சுழன்றது. பழைய மென்பொருளுக்கு அது புரியாது. பத்தொன்பதரை வருடம் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்டேட் கிடைத்தால் சரியாகும், இல்லாவிட்டால் ஆப்பில் ஏற்றும் முன் தேதியைத் திருத்திக்கொள்ள வேண்டும். பதிவில் உங்களுக்கு இருபது வயது குறைந்திருக்கும். முழங்காலுக்கு இந்தச் சலுகை கிடையாது.

கே: நம் நாட்டு நாவிக் இருக்கும்போது எதற்கு அந்நிய ஜி.பி.எஸ்.? (திருநெல்வேலி)

ப: நாவிக் தொடக்கத்தில் எல்5, எஸ் என்ற அலைவரிசைகளில் மட்டுமே ஒலிபரப்பியது. மலிவுக் கருவிகளின் சில்லுகள் பெரும்பாலும் எல்1 மட்டும் கேட்பவை. 2023 மே மாதம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய என்.வி.எஸ்-01 முதல்தான் எல்1-ம் சேர்ந்தது. பெட்டியில் நாவிக் என்று அச்சிட்டிருந்தால் பேஷாக வாங்குங்கள். இல்லாவிட்டால், தேசபக்தி உங்களுக்கு இருக்கிறது, ஆன்டெனாவுக்கு இல்லை.

கே: அமெரிக்காவிலிருந்து வரும் மகன், ஆபத்தில் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி வாங்கி வருகிறேன் என்கிறான். வரட்டுமா? (நாகர்கோவில்)

ப: மகன் வரட்டும், கருவி வேண்டாம். ஜி.பி.எஸ். என்பது கேட்கும் கருவி, அதற்குத் தடையில்லை. செயற்கைக்கோளோடு பேசும் கருவியை அரசு அனுமதியில்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவருவது சட்டப்படி குற்றம். விமான நிலையத்திலேயே வெளிநாட்டுப் பயணிகள் மாட்டியிருக்கிறார்கள். காது உள்ளவனுக்குக் கதவு திறப்பு, வாய் உள்ளவனுக்கு வழக்கு.

கே: 600 கிலோமீட்டர் பிரெவே (நேரக் கெடு வைத்த நெடுந்தூரச் சவாரி) ஓட்டப் போகிறேன். எளிய கருவி தாங்குமா? (ஓசூர்)

ப: பாரிஸ் ஆடாக்ஸ் கிளப் விதிப்படி 600-க்கு 40 மணி நேரம். அட்டையில் 12 மணி நேரம் என்று போட்ட கருவியும் உண்டு, 40 என்று போட்டதும் உண்டு. எதுவானாலும் கால் பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள். திரை விளக்கையும் சென்சாரையும் அணைத்துவிட்டுச் சொல்கிற கணக்கு அது. சார்ஜ் ஏறும்போதே பதிவும் நடக்குமா என்று வாங்கும்போதே சோதித்துவிடுங்கள். சிலது ஒயரைச் செருகியதும் பதிவை நிறுத்திவிட்டுக் கம்ப்யூட்டரைத் தேடும். நாற்பது மணி நேரம் பின்பக்கம் தாங்குமா என்பதை எந்தக் கம்பெனியும் அட்டையில் போடுவதில்லை.

கே: ஐ.பி.எக்ஸ்.7 என்று போட்டிருக்கிறது. மழைக்குத் தாங்குமா? (வேளச்சேரி)

ப: ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும் என்று பொருள். மற்ற ஊர்களுக்கு அது போதும்.

கே: தினமும் விடியற்காலையில் தனியாக ஓட்டுகிறேன். ஸ்ட்ராவா ஆப்பில் பதிவு போடுவது ஆபத்தா? (அண்ணா நகர், வாசகி)

ப: 2018 ஜனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் ஸ்ட்ராவாவின் உலக வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாலைவனத்து இருட்டில் சில கட்டங்கள் மட்டும் பளிச்சென்று எரிந்தன. ராணுவ முகாம்கள்! சிப்பாய்கள் உள்ளே ஓடிய பாதை மொத்தமும் ஊருக்கே தெரிந்தது.

நீங்கள் செட்டிங்கில் போய் வீட்டைச் சுற்றி மறைப்பு வட்டம் போடுங்கள். பதிவைப் பழகியவர்கள் மட்டும் பார்க்கும்படி வையுங்கள். 'இப்போது ஓட்டுகிறேன்' என்று நேரலை விடுவதாக இருந்தால் வீட்டுக்காரர்களுக்கு மட்டும். ராணுவமே கோட்டைவிட்ட இடத்தில் உங்கள் அபார்ட்மென்ட் வாட்ச்மேனை நம்பாதீர்கள்.

கே: கருவி காட்டும் கலோரிக் கணக்கை நம்பலாமா? (திண்டுக்கல்)

ப: எடை கேட்டபோது நீங்கள் உண்மையைச் சொல்லியிருந்தால், ஓரளவு. திண்டுக்கல்லில் ஓட்டி முடித்ததும் எங்கே போய் உட்காருவீர்கள் என்பது அதற்குத் தெரியாது.

கே: எழுபது வயது அப்பாவுக்கு வாங்கித் தர ஆசை. எழுத்துப் பெரிதாகத் தெரியுமா? (காரைக்குடி)

ப: ஒரு பக்கத்தில் எத்தனை கட்டம் என்பதை நீங்களே வைத்துக்கொள்ளும் கருவியாகப் பாருங்கள். தூரம், மணி இரண்டு மட்டும் வையுங்கள், எழுத்து தானே பெரிதாகும். வேகத்தை எடுத்துவிடுங்கள். அதைப் பார்த்தால் பெரியவர் எதிர்வீட்டுப் பையனோடு போட்டிக்குக் கிளம்பிவிடுவார்.

கே: திரும்பும்போது களைத்துப்போய் சைக்கிளை மினி வேனில் ஏற்றிவிட்டேன். கருவியை நிறுத்த மறந்து, 78 கி.மீ. வேகத்தோடு அப்படியே ஆப்பில் ஏறிவிட்டது. என்ன செய்வது? (உடுமலைப்பேட்டை)

ப: ஆப்பில் பதிவின் நுனியை வெட்டும் வசதி இருக்கிறது, வேனில் ஏறிய இடத்திலிருந்து வெட்டிவிடுங்கள். சீக்கிரம். அந்தச் சாலைச் சாதனையை இழந்த உள்ளூர்ப் பையன்கள் உங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள், சிலர் கோச்சிங் கேட்க, சிலர் வேறு காரியத்துக்கு.