இகழ்பாயிரம்: ராப் ஆல்பங்களின் ஸ்கிட் குறித்து ஒரு சிற்றாராய்ச்சி

தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது புலவனுக்கு அழகல்ல என்பது நன்னூலார் முடிபு. ஆகவே சிறப்புப் பாயிரத்தை நூலாசிரியன் எழுதக் கூடாது; அவனுடைய ஆசிரியர், உடன் கற்றவர், மாணாக்கர், உரைகாரர் ஆகிய நால்வரில் ஒருவரே எழுத வேண்டும். இந்த விதியைத் தமிழ்ப் புத்தக உலகம் அணிந்துரை என்ற பெயரில் இன்றுவரை விடாமல் காப்பாற்றி வருகிறது. ஆனால் 1970களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்த ராப் என்னும் இலக்கிய வகை, நன்னூலை இயற்றிய பவணந்தியார் கனவிலும் காணாதது. தன்னைப் புகழ்வதே அங்கே தலையாய தொழில். ஆகவே புகழ வெளியாள் தேவையில்லை; இகழத்தான் ஆள் வேண்டும். அந்த வேலைக்கு அமர்த்தப்பட்டதே ஸ்கிட். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே தொலைபேசி மணி அடித்து, யாரோ வந்து எதையோ சொல்லிவிட்டுப் போகும் அந்த ஒரு நிமிட நாடகத்தைக் கேட்பவர்கள் சிரிப்புத் துணுக்கு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது துணுக்கு அல்ல, இகழ்பாயிரம் என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இங்கே ஒரு தடை எழும். நான்கு இடங்களில் தற்புகழ்ச்சி தகும் என்று நன்னூலே உரிமம் தருகிறதே, பிறகு இகழ்பாயிரம் எதற்கு? உண்மைதான். அரசவைக்கு ஓலை விடும்போதும், தன் ஆற்றல் அறியாதார் நடுவிலும், அவையில் வெல்ல வேண்டிய பொழுதும், எதிராளி தன்னைப் பழித்தபோதும் புலவன் தன்னைப் புகழலாம். ராப் இந்த நான்கிலும் அச்சுப் பிசகாமல் பொருந்துகிறது. மைக்கைப் பிடித்து நேருக்கு நேர் மோதும் 'பேட்டில்' பின்னிரண்டில் அடங்கும்; அரசவைக்கு ஓலை என்பதை ரெக்கார்டு கம்பெனிக்கு டெமோ டேப் அனுப்புதல் என்று கொள்க. ஆயினும் அந்த உரிமம் சமயத்துக்குத் தரப்பட்டதே தவிர, வாடகைக்கு விடப்பட்டதல்ல. இசைத்தட்டின் ஒரு பக்கம் இருபத்துச் சொச்சம் நிமிடத்தில் முடிந்துவிடும். 74 நிமிடம் ஓடும் சிடி வந்த பிறகு தற்புகழ்ச்சி அவையை விட்டு இறங்கிக் குடித்தனமே நடத்தத் தொடங்கிவிட்டது. குடித்தனம் என்று வந்துவிட்டால் திட்டுவதற்கு ஓர் ஆள் இல்லாமல் முடியாது.

இனி, நன்னூல் வகுத்த நால்வரும் ஸ்கிட்டில் வருவதைக் காண்போம். முதலில் மாணாக்கர், அதாவது கேட்போர். 1989இல் லாங் ஐலண்டைச் சேர்ந்த டி லா சோல் குழு 'த்ரீ ஃபீட் ஹை அண்ட் ரைசிங்' ஆல்பத்தை வெளியிட்டபோது, தயாரிப்பாளர் பிரின்ஸ் பால் அதை ஒரு தொலைக்காட்சிப் போட்டி நிகழ்ச்சியைப் போலக் கட்டினார். கோழிக்கு எத்தனை இறகு என்ற ரகத்தில் கேள்விகள், போட்டியாளர்கள் பாடகர்களேதான். ஸ்கிட் என்ற வழக்கம் ராப் உலகில் வேரூன்றியது இதிலிருந்துதான். 1991இல் வந்த 'டி லா சோல் இஸ் டெட்' இன்னும் ஒரு படி மேலே போயிற்று. குப்பையில் ஒரு சிறுவனுக்குக் கேசட் ஒன்று கிடைக்கிறது. முரட்டுப் பையன்கள் அதைப் பிடுங்கிக் கேட்டு, நடுநடுவே கரித்துக் கொட்டுகிறார்கள். துப்பாக்கி எங்கே, கெட்ட வார்த்தை எங்கே என்று குறைபட்டு, கடைசியில் கேசட்டை மறுபடி குப்பையிலேயே வீசுகிறார்கள். குழந்தைகளுக்கான கதைக் கேசட்டில் பக்கத்தைத் திருப்பச் சொல்லி மணி அடிக்குமே, அந்த மணியும் இதில் உண்டு. தன் நூல் குப்பைக்குப் போவதைத் தன் நூலுக்குள்ளேயே பாடிவைத்த ஆசிரியர்கள் எம்மொழியிலும் அரியர்.

அடுத்து ஆசிரியர். 1998இல் வந்த 'தி மிஸ்எஜுகேஷன் ஆஃப் லாரின் ஹில்' பள்ளி மணியோடு தொடங்குகிறது. வாத்தியார் வருகைப் பதிவேட்டை வாசிக்கிறார். பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளேன் என்கிறார்கள். லாரின் ஹில் என்று கூப்பிடும்போது மட்டும் பதில் இல்லை. வகுப்புக்கு மட்டம் போட்ட அம்மாணவி, அடுத்த பாட்டிலேயே எதிராளிக்குப் பாடம் நடத்துகிறார் என்பது கவனிக்கத்தக்கது. கிராமி விருதுகளில் ஆண்டின் சிறந்த ஆல்பம் என்ற பரிசை முதன்முதல் பெற்ற ஹிப்ஹாப் ஆல்பம் இதுவே. வாத்தியாராகப் பேசிய ராஸ் பராக்கா 2014இல் நெவார்க் நகர மேயரானார். இகழ்பாயிரம் பாடுவோர் தகுதியற்ற துணைநடிகர் என்ற கூற்று இதனால் அடிபட்டுப் போகிறது. மூன்றாமவர் உடன் கற்றவர்: நொடோரியஸ் பி.ஐ.ஜி.யின் 'லைஃப் ஆஃப்டர் டெத்' ஆல்பத்தில் (1997) பேட்டி கொடுக்கும் 'மேட் ராப்பர்'. தனக்குக் காசில்லை, இன்னும் அம்மா வீட்டில்தான் கிடக்கிறேன் என்று வயிறெரியும் சக தொழிலாளி அவர். நான்காமவர் உரைகாரர்: எமினெமின் மேனேஜர் பால் ரோசன்பர்க். 1999இல் அவர் தொலைபேசியில் குரல் பதிந்து, கொஞ்சம் அடக்கி வாசிக்க முடியுமா என்று கெஞ்சுகிறார். மறு ஆண்டு ஆல்பத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்து, முடியாமல், அலுத்துப்போய்த் தொலைபேசியை வைத்துவிடுகிறார். ஒரு நூலைப் பற்றி இதனினும் சுருக்கமான உரை எழுதப்பட்டதில்லை.

இதற்கு மறுப்புகள் உண்டு. சிடியில் மிஞ்சிய இடத்தை நிரப்பவே ஸ்கிட் வந்தது என்பர் ஒரு சாரார். இடம் இருந்தது என்பது சரி. ஆனால் காலி இடம் விருந்தாளியை உட்கார வைக்குமே தவிர, வருகிறவர் யார் என்று தீர்மானிக்காது. அங்கே இன்னும் நாலு தற்பெருமைப் பாட்டை வைத்திருக்கலாமே? வைக்காமல் வாத்தியாரையும் மேனேஜரையும் கூப்பிட்டது ஏன்? மற்றொரு சாரார், இரண்டாம் முறை யாரும் ஸ்கிட்டைக் கேட்பதில்லை, பொத்தானை அழுத்தித் தாண்டிவிடுகிறார்கள் என்பர். இது மறுப்பன்று, சான்று. ஒரே திட்டை மறுபடி உட்கார்ந்து கேட்பவர் எந்த வீட்டில் இருக்கிறார்? பாயிரம் இல்லாதது நூலே ஆகாது என்கிறார் நன்னூலார். ஆனாலும் பாயிரத்தைத் தாண்டி நூலுக்குள் பாய்வதே மாணாக்கர் மரபு. தாண்டப்படுதல் பாயிரத்தின் இலக்கணங்களுள் ஒன்று என்க.

வலுவான தடை மூன்றாவது. இவையெல்லாம் வஞ்சப்புகழ்ச்சி அல்லவா? திட்டுகிறவனை மடையனாகக் காட்டித் திட்டு வாங்குகிறவன் உயர்ந்துவிடுகிறானே? மேட் ராப்பராக நடித்த டெரிக் ஆஞ்சலெட்டி, நொடோரியஸ் பி.ஐ.ஜி.யின் கம்பெனியிலேயே தயாரிப்பாளர். எமினெமின் 2000ஆம் ஆண்டு ஆல்பத்தில், இதை எப்படியப்பா விற்பது என்று எகிறும் ஸ்டீவ் பெர்மன், அதை விற்ற இன்டர்ஸ்கோப் நிறுவனத்தின் உண்மையான அதிகாரி. அந்த ஆல்பம் முதல் வாரத்தில் அமெரிக்காவில் மட்டும் 17 லட்சத்துக்கும் மேல் விற்றது. இவ்விரண்டும் வஞ்சப்புகழ்ச்சியே என்று ஒப்புக்கொள்வதில் நமக்குத் தயக்கமில்லை. வூ டாங் க்ளான் குழுவின் 1993ஆம் ஆண்டு ஆல்பத்தில், 'மெத்தட் மேன்' பாட்டுக்கு முன்னால் இரண்டு பேர் உன்னை இப்படிச் சித்திரவதை செய்வேன், அப்படிச் செய்வேன் என்று போட்டி போடுவதில் திட்டுகிறவரே இல்லை என்பதையும் மறைக்கப் போவதில்லை. ஆனால் அங்கே வீறாப்பு ஏறிக்கொண்டே போய்த் தன் கனம் தாங்காமல் தானே சிரிப்பாகிவிடுகிறது. ஆள் கிடைக்காத இடத்தில் பெருமை தன்னைத்தானே இகழ்ந்துகொள்ளும் என்று இதற்குப் புறனடை வகுக்கலாம்.

வஞ்சப்புகழ்ச்சிக்குள் அடங்கவே அடங்காத சான்று ஒன்றும் உண்டு. அதைத் தருபவர் நன்னூலார் பட்டியலில் விட்டுப்போன ஐந்தாமவர்: தாய். 2012இல் வந்த கென்ட்ரிக் லமாரின் 'குட் கிட், மேட் சிட்டி' ஆல்பத்தில் முதல் பாட்டு முடிந்ததும் குரல் பதிவு ஒன்று ஒலிக்கிறது. 15 நிமிடத்தில் வருகிறேன் என்று எடுத்துப்போன வேன் எங்கே என்று தாய் கேட்கிறார். பின்னாலிருந்து தந்தை, என் டாமினோ கட்டைகள் எங்கே என்கிறார். இவர்கள் மடையர்கள் அல்லர், பொறாமைக்காரர்களும் அல்லர். கேட்பது நியாயமான கேள்வி. இதன் பிறகு மகன் உலகையே ஆளப்போவதாக முழங்குகிறான், கேட்கவும் கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் அம்மா இன்னும் வேனுக்காகக் காத்திருக்கிறார் என்பதைக் கேட்பவர் மறக்க முடியாது. ஆல்பம் முடிகிற இடத்திலும் முழக்கம் இல்லை. அம்மா, வேனைக் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறேன், 15 நிமிடத்தில் வந்துவிடுவேன் என்று மகன் சொல்கிறான். அத்தோடு சரி.