கவரைப்பேட்டை மீசையியல்: கோட்டின் தடிமன் குறித்து ஓர் ஆய்வு

மீசையின் வீரத்தைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். அந்த மீசையை வரையும் கோடு நடுவில் எவ்வளவு தடிக்க வேண்டும், நுனியில் எவ்வளவு மெலிய வேண்டும் என்பதை மட்டும் தமிழுலகம் கேட்பாரற்று விட்டுவிட்டது. அந்தப் பழியைத் துடைக்கவே இவ்வாய்வு.

ஆய்வுக் களம் கவரைப்பேட்டை. சென்னையிலிருந்து கூடூர் போகும் ரயில் தடத்தில் பொன்னேரியைத் தாண்டி வரும் ஊர். அடுத்தது கும்மிடிப்பூண்டி, அங்கே சிப்காட். இங்கே ஓடும் இரு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் 1676 மி.மீ. கூடூர் போனாலும் அதே 1676தான். நமக்கு அந்தத் தடத்தில் வேலையில்லை. நாம் பார்க்கப்போவது ஃபிளெக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில், போட்டோஷாப்பின் பென் டூலால் போடும் 'பாத்'.

இந்தப் பாத்துக்குத் தடிமனே கிடையாது. கோடு என்பது அகலமில்லாத நீளம் என்று யூக்ளிட் சுமார் 2300 ஆண்டுகளுக்கு முன்பே வரையறுத்துவிட்டார். திரையில் மெல்லிய கோடாகத் தெரிந்தாலும் பிரிண்ட் கொடுத்தால் வராது. அதன் வளைவுக் கணக்கு பிரான்சின் கார் கம்பெனிகளில் பிறந்தது. சிட்ரோயனில் தெ காஸ்தெல்ஜோ 1959இல் கண்டதைக் கம்பெனி வெளியே விடவில்லை. ரெனோவின் பியர் பெசியே 1960களில் ஊரறியச் செய்ததால் பெயர் அவருக்குப் போய்விட்டது. கார் கதவுக்குக் கண்டுபிடித்த வளைவு கண்ணீர் அஞ்சலி பேனரில் மீசையாகும் என்று இருவருமே நினைத்திருக்க மாட்டார்கள்.

இனி தரவுகள். ஒரு வீட்டில் பெரியவர் தவறிவிடுகிறார். அஞ்சலி பேனருக்குக் கைக்குக் கிடைப்பது பழைய படம் ஒன்று. அதில் முகம் உண்டு, மீசை இருந்த இடத்தில் வெளுத்த கறைதான் உண்டு. டிசைனர் பென் டூலை எடுத்து உதட்டுக்கு மேல் ஒரு வளைவு போடுகிறார். பிரஷ்ஷைத் தேர்ந்தெடுத்து 'ஸ்ட்ரோக் பாத்' கொடுக்கிறார். கோடு முழுக்க ஒரே தடிமனில், இன்சுலேஷன் டேப் ஒட்டியதுபோல மீசை வருகிறது. உடனே பின்வாங்கி, 'சிமுலேட் பிரஷர்' பெட்டியில் டிக் போட்டு மறுபடி கொடுக்கிறார். இப்போது நடுவில் தடித்து இரு நுனியிலும் மெலிகிறது. (பிரஷ் அமைப்பில் அளவின் கட்டுப்பாடு 'பென் பிரஷர்' என்று இல்லாவிட்டால் டிக் போட்டும் பயனில்லை. இது தெரியாமல் மவுசைத் திட்டியவர்கள் உண்டு.)

இங்கேதான் ஆய்வின் முதல் நெருக்கடி. இடது மீசைக்கு ஒரு பாத், வலது மீசைக்கு ஒரு பாத் என்று போட்டால், ஒவ்வொன்றும் இரு முனையிலும் மெலிந்து, மூக்குக்குக் கீழே நடுவில் ஓர் இடைவெளி விழும். பெரியவர் பழைய படத்து வில்லனாகிவிடுவார். ஆகவே இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னம் வரை ஒரே பாத் போட வேண்டும் என்பது கவரைப்பேட்டை விதி.

இரண்டாவது நெருக்கடி உறவினர்கள்.

"தம்பி, எங்க நைனாவுக்கு மீசை இவ்ளோ மெல்லிசா இருக்காது. நல்லா கெத்தா வைப்பா."

"ண்ணா, நுனிதான்ணா மெல்லிசு. நடுவுல பாருங்க."

"நடுவு இன்னா நடுவு, நுனியும் தடியா வை."

பின்னால் நின்ற அத்தை குறுக்கிடுகிறார்: "டேய், எங்கண்ணன் மீசைய எடுத்து நாலு வருசமாச்சுடா."

"நீ சும்மா இரு அத்த."

மீசை தடிக்கிறது. இதிலிருந்து பெறப்படும் தேற்றம்: கோட்டின் தடிமனைத் தீர்மானிப்பது பிரஷ்ஷின் அளவு அல்ல, முன்பணம் கொடுத்தவர் யார் என்பதே.

இதே ஊரில் மார்கழிக் காலையில் வாசலில் கோலம் போடுகிற பெண்ணைக் கவனித்தால் ஆய்வாளனுக்குத் தலை சுற்றும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவு விழும் வேகத்தை அடக்கி, கம்பி ஒரே சீராய் ஓட அவள் சிறு வயதிலிருந்து பழகியிருக்கிறாள். கை கஷ்டப்பட்டு ஒழித்த ஏற்ற இறக்கத்தைக் கம்ப்யூட்டர் ஒரு டிக்கில் பொய்யாக உண்டாக்கிக் காட்டுகிறது.

இல்லஸ்ட்ரேட்டர்காரர்களுக்கு 2010இல் வந்த சி.எஸ்.5 பதிப்பில் விமோசனம் கிடைத்தது. அதன் 'வித் டூல்' கொண்டு கோட்டின் எந்த இடத்தையும் பிடித்து இழுத்துத் தடிமனாக்கலாம். ஆல்ட் விசையோடு இழுத்தால் ஒரு பக்கம் மட்டும் தடிக்கும். போட்ட தடிமனை 'புரொஃபைல்' என்று சேமித்து அடுத்தவருக்கும் போடலாம். இவ்வட்டாரத்துப் பெரியவர்கள் பலர் எப்படி ஒரே மீசை வைத்திருந்தார்கள் என்று வருங்கால வரலாற்றாசிரியர் திகைத்தால் காரணம் இதுதான். சாப்ட்வேரின் உரிமம் பற்றிப் பேசுவது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

பெயர் எழுத்துகள் கோரல்டிராவில் போடப்படுவதால் அங்கே கோளாறு வேறு விதம். மூன்றரை அங்குல விசிட்டிங் கார்டில் பெயரைச் சுற்றி 2 பாயின்ட் அவுட்லைன் போட்டதாக வைத்துக்கொள்வோம்; சுமார் 0.7 மி.மீ. அதையே பத்தடி பேனராக இழுத்தால் எழுத்து 34 மடங்கு வளரும். 'ஸ்கேல் வித் ஆப்ஜெக்ட்' பெட்டியில் டிக் இல்லையென்றால் அவுட்லைன் மட்டும் அதே 0.7 மி.மீ.யில் நிற்கும்; ஜி.என்.டி. சாலையில் போகும் பஸ்ஸிலிருந்து பார்ப்பவருக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. டிக் இருந்தால் 24 மி.மீ. தலைகீழாக, பேனரைச் சுருக்கிப் பதினாறாம் நாள் காரியப் பத்திரிகையில் வைக்கும்போது டிக் மறந்தால் 24 மி.மீ. அவுட்லைன் எழுத்தை அப்படியே விழுங்கிவிடும். அவுட்லைனின் பாதி எழுத்துக்கு உள்ளேதான் போகிறது என்பதால், முதலில் பலியாவது ண, ழ போன்றவற்றின் சுழி. 'பிஹைண்ட் ஃபில்' கொடுத்தால் கோடு எழுத்துக்குப் பின்னால் போய்விடும், சுழி பிழைக்கும்.

ஆகவே பேனர் அடிக்கப் போகும் பொதுமக்களுக்கு ஆய்வாளரின் விண்ணப்பம்: தெளிவான படம் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள், மீசையின் தடிமனை முடிவு செய்ய ஒரே ஒருவரை மட்டும் கூட்டிச் செல்லுங்கள், முடிந்தால் அத்தையை.