உப்பில் எரிந்த காடு

அக்கா மகன் கொலராடோவில் இருக்கிறான். காலில் டென்னிஸ் மட்டை மாதிரி எதையோ கட்டிக்கொண்டு, காட்டுத்தீயில் கருகித் துளிர்க்கும் வனத்தில் பனிமேல் நடக்கும் வீடியோவை அனுப்பி, "மாமா, அந்தமான்ல இப்படி உண்டா?" என்று கேட்டான். எங்களூரில் பனி ஃப்ரீசருக்குள் மட்டும்தான். அதுவும் கரண்ட் இருந்தால். வருஷத்துக்கு 3000 மில்லிமீட்டர் மழை கொட்டுகிற இடத்தில் காட்டுத்தீக்கு ஏது பிழைப்பு?

ஆனால் செத்துப் பிழைத்த காடு எங்களிடமும் உண்டு. கொன்றது கடல். 2004 டிசம்பர் 26 பூகம்பத்தில் தீவுக்கூட்டமே ஒருபக்கம் சாய்ந்தது. வடக்கே திக்லிப்பூர்ப் பக்கம் கரை மேலெழும்பி, கண்டல் மரங்கள் தண்ணீர் எட்டாமல் காய்ந்தன. தெற்கே தரை ஏறக்குறைய ஒரு மீட்டர் இறங்கி, கரையோர மரங்கள் உப்புத்தண்ணீரில் நின்றே பட்டுப்போயின.

இதைச் சொன்னதும் பையன் நேரில் பார்க்கவே வந்துவிட்டான். முழங்கால் வரை பூட்ஸ், இரண்டு ஊன்றுகோல். போர்ட் பிளேரிலிருந்து சிடியா டாப்புக்கு ஆட்டோ பிடித்தோம். (ஊர்ப்பெயர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது, ஆட்டோக்காரருக்கு இன்னும் தகவல் போகவில்லை.) கடற்கரையில் வெளுத்துக் கிடந்த மரங்களைப் பார்த்து உருகினான். காட்டுப்பாதையில் ஏறியதும் அட்டைகள் அவன்மேல் உருகின. என் மனைவி கொடுத்தனுப்பிய உப்புப் பொட்டலத்தைப் பார்த்து முதலில் சிரித்தவன்தான், பிறகு தன் பையிலேயே வைத்துக்கொண்டான்.

மறுநாள் சிப்பிகாட். ஒரு காலத்தில் நெல் விளைந்த இடம். இப்போது கடல்நீர், கொக்கு, கண்டல். "காடு எப்ப பழையபடி ஆகும்?" என்றான். எந்தப் பழையபடி? வயலுக்குத்தான் இது இழவு, கண்டலுக்குக் கிரகப்பிரவேசம். இதைச் சேதம் என்பதா, வனம் என்பதா என்று கேட்டால் நான் வாய் திறக்கமாட்டேன். நிலம் இழந்தவர் பக்கத்து வீட்டில் இருக்கிறார்.

சேற்றைப் பார்த்ததும் பையனுக்கு யோசனை. வீடியோவில் கட்டியிருந்த அந்தப் பனிக்காலணி உடல் பாரத்தைப் பரப்பிவிடும், ஆகவே சேற்றிலும் புதையாது. தத்துவம் சரி. ஆனால் சேறு முழுக்க மூச்சுவேர்கள் ஆணிகளாக நிமிர்ந்து நிற்கின்றன, முதலையும் இருக்கலாம். அவன் தத்துவத்தை விளக்கிக்கொண்டிருக்கையிலேயே ஒருவர் வெறுங்காலோடு சேற்றிலிருந்து ஏறி வந்தார். கையில் கட்டிய நண்டுகள். என்னிடம் தமிழில் ஒரு விலை சொன்னார். பின்னாலிருந்த ஊன்றுகோல்களைப் பார்த்ததும் இந்திக்கு மாறி, நூறு ரூபாய் ஏற்றினார்.