அண்ணனும் ஓடினார், தம்பியும் ஓடினார்

கேள்வி: எங்கள் பக்கம் கண்மாய்க்கரைப் புஞ்சைக்காகப் பங்காளிகள் மூன்று தலைமுறையாகக் கோர்ட்டுக்கு நடக்கிறார்கள். இந்தச் சீமையை ஆண்ட பாண்டியர்களாவது ஒற்றுமையாக இருந்தார்களா?
– வாசகர், திருச்சுழி

பதில்: உங்கள் பங்காளிகள் தேவலை, கோர்ட்டோடு நிறுத்திக்கொண்டார்களே! மாறவர்மன் குலசேகர பாண்டியன் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆண்டு, கஜானாவையும் நிரப்பி வைத்தார். பட்டத்தரசி மகன் சுந்தரபாண்டியன் இருக்க, இன்னொருத்திக்குப் பிறந்த வீரபாண்டியனை வாரிசாக்கினார். 1310-இல் சுந்தரன் அப்பாவையே தீர்த்துவிட்டதாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸாஃப் எழுதுகிறார். (பாரசீகத்தில் உட்கார்ந்து எழுதியவர், வெட்டுக்குத்துக்கு அது பத்திரமான தூரம்.)

பிறகு ‘தலாச்சி’ என்ற ஏரிக்கரையில் அண்ணன் தம்பி மோதினார்கள். அங்கேதான் வேடிக்கை. எதிராளி என்ன ஆனான் என்று தெரியாமலே இருவரும் ஓட்டம் பிடித்தார்கள்! வீரன் காயத்தோடு பிடிபட, ஏழு யானைச் சுமைத் தங்கம் சுந்தரன் படைக்குப் போனது. போரில் ஜெயித்தவரும் ஓடியிருக்கிறார், கவனியுங்கள்.

வீரன் எப்படியோ மீண்டு வர, சண்டை தொடர்ந்தது. இதுதான் சமயமென்று போசள மன்னன் வல்லாளன் இருவர் ஊர்களையும் சுருட்டக் கிளம்பினான். டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூர் வருகிறான் என்று கேட்டதும் வந்த வழியே திரும்பினான். 1311-இல் காபூர் மதுரைக்குள் நுழைந்தபோது சுந்தரன் ராணிகளோடு கிளம்பியாயிற்று. ஓட்டம் பழகிவிட்டது போலும். கோயிலில் இரண்டு மூன்று யானைகள்தான் மிச்சம். ஆத்திரத்தில் காபூர் தீ வைத்தான் என்கிறார் டெல்லிக் கவிஞர் அமீர் குஸ்ரோ. டெல்லிக்குப் போன யானைகள் மொத்தம் 512 என்பதும் அவர் கணக்குதான்.